நேர்காணலுக்கு வராதவர்களுக்கு மாற்றாக வேறு ஆளைச் சேர்க்கலாமா?

கேள்வி: ஆய்வு மாணவி, மும்பை
தாராவியில் இட்லி வேகவைத்து விற்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். 40 பேரை ஆறு மாத இடைவெளியில் மூன்று முறை சந்திப்பதாகத் திட்டம். இரண்டாம் சுற்றிலேயே 11 பேர் கிடைக்கவில்லை. நாளும் நேரமும் அவர்களே சொன்னபடி போய் நின்றாலும் கதவு பூட்டியிருக்கிறது. ஓர் அக்கா முதல் சுற்றில் சொன்ன வருமானத்தில் பாதியைத்தான் இப்போது சொன்னார். அருகில் அவர் மாமியார் உளுந்து களைந்துகொண்டிருந்தார். வராதவர்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டாரைச் சேர்த்துவிடு என்கிறார் நெறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1: சமூகவியல் ஆசிரியர்
சேர்க்காதீர்கள், அம்மா. அழைத்தவுடன் கிடைப்பவர்களை மட்டும் வைத்து 40 என்ற எண்ணை நிரப்பினால், ஓய்வு இருப்பவர்களைப் பற்றிய ஆய்வாக அது மாறிவிடும். வேலைச் சுமையால் வர முடியாதவரே உங்கள் ஆய்வுக்கு மிகவும் வேண்டியவர். குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரத்தில் அங்கே யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் பலர் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விடுவார்கள். எத்தனை முறை, எந்தெந்த வேளையில் போனீர்கள், கதவு பூட்டியிருந்ததா, ஆள் இருந்தும் பேச மறுத்தாரா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் களக்குறிப்பில் எழுதிவையுங்கள். வருமானத்தில் இரண்டு தொகையையும், பக்கத்தில் யார் இருந்தார் என்பதோடு, அப்படியே பதிவு செய்யுங்கள். சராசரி எடுத்து ஒன்றாக்க வேண்டாம்.

பதில் 2: பொதுச் சுகாதார ஆய்வாளர்
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பங்கேற்பாளர் எந்தக் கட்டத்திலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்கு எந்த இழப்பும் நேரக் கூடாது. நம் ஊர்ப் பெண்களில் பலர் வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தயங்கி, நாளைக்கு வா என்பார்கள். இப்படி மூன்று முறை ‘நாளைக்கு’ என்று சொன்ன பிறகும் கதவு திறக்காவிட்டால் அதை மறுப்பாகவே நான் எடுத்துக்கொள்வேன். பங்கேற்பாளருக்குத் தரும் செலவுத் தொகையைக் கடைசிச் சுற்றுவரை நிறுத்திவைத்து ஆளைப் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது; அது வற்புறுத்தலே, செய்யாதீர்கள். மேலும், இட்லித் தொழில் செய்யும் குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்தவை என்பதால், மாமியாரையும் பாதி வருமானத்தையும் ஒருசேர எழுதினால் யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
அது என் தவறுதான். ஆய்வேட்டில் அந்த விவரத்தை மாற்றி எழுதுகிறேன். மாவாட்டி முடித்து அவர்கள் சற்றே உட்காரும் மாலை நாலு மணிக்கு நேற்றுப் போனதில், வராத 11 பேரில் நால்வர் பேசினார்கள். ஒருவர் இனி வர இயலாது என்று தெளிவாகச் சொன்னார்; ஒப்புதல் படிவத்தில் விலகல் என்று குறித்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.