வெளியீட்டுக்குப் பெயர் வைப்பதா, எண் மட்டும் போதுமா?

கேள்வி:
எங்கள் பில்ட் கருவியின் (மூலநிரலை ஓடும் மென்பொருளாக்கும் கருவி) முதல் பொது வெளியீடு வரப்போகிறது. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம் என்று பாதிப்பேர், எண்ணே போதும் என்று மீதிப்பேர். பெயர் வைத்தால் பின்னால் என்ன சிக்கல் வரும்? எண் என்றால் எந்த முறை நல்லது?

பதில் 1:
பெயர் வைப்பதாக இருந்தால் எழுத்து வரிசையில் வையுங்கள். டெபியன் 1996-ல் 1.1-க்கு 'பஸ்' என்று வைத்ததிலிருந்து டாய் ஸ்டோரி பாத்திரங்களைத்தான் எடுக்கிறது. புல்ஸ்ஐ, புக்வார்ம், டிரிக்ஸி என்று கேட்டால் எது முந்தியது என்று சொல்ல முடியுமா? உபுண்டுவில் 2006-ன் டாப்பர் டிரேக்கிலிருந்து வரிசை தவறவில்லை. இசட் முடிந்ததும் 17.10-ல் மறுபடி ஏ. ஜாமிக்குப் பிறகுதான் நோபிள் என்பது முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

அடிக்கடி வெளியிடுவீர்கள் என்றால் பெயரே வேண்டாம். நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸ் வருடத்துக்கு ஒன்று வந்தவரை கலிஸ்டோ, யூரோப்பா, கானிமீட் என்று வியாழனின் நிலாக்களில் தொடங்கி பெயர் வைத்தது. 2018-ல் மூன்று மாதத்துக்கு ஒன்றானதும் ஃபோட்டானோடு நிறுத்திவிட்டு 2018-09 என்று ஆண்டு, மாதத்துக்கு மாறியது.

பதில் 2:
எண்ணிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 1.10-ஐயும் 1.9-ஐயும் வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 1.9 பெரிதாகிவிடும். சிஐ (நிரலைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும்) அமைப்பின் யாமல் அமைவுக் கோப்பில் பைத்தான் 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 ஆகும். எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

முன்னோட்ட வெளியீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். செம்வர் (பதிப்பு எண்களுக்கான பொது விதிமுறை) விதிப்படி, இறுதி வெளியீட்டுக்கு முந்தைய 'ரிலீஸ் கேண்டிடேட்'டை 'ஆர்சி10' என்று சேர்த்து எழுதினால் ஆர்சி9-க்கு முன்னால் போய் நிற்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே புள்ளி வைத்தால்தான் 10 எண்ணாகக் கணக்கில் வரும். டெபியன் பொதியில் கதையே வேறு. அங்கே 1.0-க்குப் பின் ஹைஃபன் போட்டு ஆர்சி1 என்றால் அது 1.0-ஐவிடப் புதியது! ஹைஃபனுக்குப் பதில் டில்டே (~) போடுங்கள், 1.0-க்கு முன்னால் வந்துவிடும்.

ஆண்டு, மாதத்தையே எண்ணாக வைக்கும் தேதி முறை எடுத்தால், வெளியிடும் நாள் உறுதியாகும்வரை எண்ணை ஆவணங்களில் எழுதாதீர்கள். உபுண்டுவின் டாப்பர் 6.04 ஆக வரவேண்டியது, ஆறு வாரம் தள்ளிப்போய் 6.06 ஆனது.

பதில் 3:
பெயர் மனிதர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டெபியன் மூலப்பட்டியலில் (பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் கோப்பு) 'ஸ்டேபிள்' என்று எழுதியிருந்தால், அது அப்போதைய நிலையான பதிப்பைக் குறிக்கும்: 2025 ஆகஸ்ட் 9 வரை 12 (புக்வார்ம்), அதன்பின் 13 (டிரிக்ஸி). பொதிகளை நிறுவும் ஏப்ட் கருவி கேட்கும் ஒப்புதலை யோசிக்காமல் கொடுத்தால் மொத்த அமைப்பும் அடுத்த பதிப்புக்குத் தாவும். 'புக்வார்ம்' என்று எழுதியவர் அங்கேயே இருப்பார். உங்கள் களஞ்சியத்திலும் நகராத பெயர் ஒன்று இருக்கட்டும்.

கருவியின் கட்டளைப் பெயரையும் இப்போதே சோதியுங்கள். இரண்டு, மூன்று எழுத்துப் பெயர்களை ஏற்கெனவே யாராவது எடுத்திருப்பார்கள். 'எஃப்டி' என்ற தேடல் கருவி டெபியனில் 'எஃப்டிஃபைண்ட்' ஆக வேண்டியிருந்தது, கோப்பைக் காட்டும் 'பேட்' கருவி 'பேட்கேட்' ஆனது. பயனரின் ஸ்கிரிப்ட் ஒரு கணினியில் ஓடும், அடுத்ததில் ஓடாது.