கடைப் பின்னறைக்குள்ள ஆக்கள் வந்தால் என்ன செய்யிறியள்?

கேள்வி: பரந்தனில உரம், கிருமிநாசினிக் கடை வச்சிருக்கிறன். காலபோகம், அதுதான் மாரி நெல் விதைப்பு, தொடங்கினால் தெரிஞ்ச ஆக்கள் காசு மேசையைத் தாண்டி நேரே ஸ்டோருக்குள்ள போகினம். 50 கிலோ யூரியா மூட்டையளைத் தட்டித் தட்டி எண்ணுகினம். ஒரு ஐயா மருந்துப் போத்தல் அடுக்கின இடத்தில நிண்டு வெத்திலை போடுறார்! கையில நஞ்சு பட்டால்? ஊர் ஆக்கள், முகம் முறியாமல் எப்பிடிச் சொல்லுறது?

பதில்: அண்ணை, போர்ட் போட்டால் ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். வாசலுக்குக் குறுக்கால தராசை வையுங்கோ.

பதில்: நான் வயல்காரன். "முடிஞ்சுது" எண்டு சொல்லிப்போட்டுப் பின்னேரம் வேற ஆளுக்குக் குடுக்கிறியள். அதுதான் உள்ள வந்து பாக்கிறம். இருப்பை வெளியில எழுதுங்கோ.

கேட்டவர்: எழுதிவிடுறன். கடன் கொப்பியையும் வெளியில தொங்கவிடட்டோ?