பொருள்: மைண்ட்ஃபுல்னெஸ் – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த் ஆலோசகர், திங்கள் இரவு 10.40

குழும அன்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம்.

வரும் சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் முப்பது பேருக்கு ஒரு நாள் பயிலரங்கு. பிள்ளைகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி) கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் தம்மிடம் எந்தத் திறன்களை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேசுபொருள். கையேட்டை வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். முப்பத்தெட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. அட்டையில் போடத் தலைப்புத்தான் இல்லை.

முதல் அறிவிப்பில் இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்த 'நினைவாற்றல் பயிற்சி'யை யாரோ அப்படியே போட்டுவிட்டார்கள். அன்று மாலையே மூன்று பெற்றோர் அழைத்து, எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளையைச் சேர்க்கலாமா என்றார்கள். ஒருவர் வல்லாரை மாத்திரையும் உண்டா என்று கேட்டார்.

'மனநிறைவு' சாப்பிட்டு முடித்தபின் வருவது. 'விழிப்புணர்வு' என்றாலே டெங்கிப் பதாகைதான் கண்முன் நிற்கிறது. 'தியானம்' என்றால் இரண்டு பள்ளிகளில் சமயம் சார்ந்த கேள்வி வரும்.

இன்னும் மூன்று சொற்கள் சிக்கலாக இருக்கின்றன: இன்குவைரி, எம்பாடிமென்ட், பாடி ஸ்கேன் (உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனித்துச் செல்வது). உதவுங்கள்.

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவ்வாய் காலை 5.55

அம்மா, வணக்கம்.

புதிதாக ஆக்க என்ன இருக்கிறது? புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தில் ஏழாவது 'சம்மா சதி'. தமிழில் அதற்கு நற்கடைப்பிடி என்று பெயர் உண்டு. நாம் 'விதிகளைக் கடைப்பிடியுங்கள்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதி எழுதி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். இறையனார் களவியல் உரையில் கடைப்பிடிக்குப் பொருள், கொண்ட பொருள் மறவாமை. பாலியில் சதி, வடமொழியில் ஸ்மிருதி. அதற்கும் வேர்ப்பொருள் நினைவுதான். இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன பாருங்கள்! அந்த இயந்திரம் 'நினைவாற்றல்' என்றதுகூட முழுப் பிழையன்று, அரைப் பிழை.

ஆங்கிலேயனுக்கும் இந்தச் சொல் எளிதில் வரவில்லை. இலங்கையில் அரசுப் பணி பார்த்த ரைஸ் டேவிட்ஸ் 1881இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டார். மறவாதிருத்தல் என்ற பொருள் அந்த ஆங்கிலச் சொல்லிலும் இருக்கிறது.

ஆகவே 'நற்கடைப்பிடிப் பயிற்றுநர்'. வியாழன் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கோலாலம்பூர், நாளிதழ்ப் பிழைதிருத்துநர், செவ்வாய் 8.20

> ஆகவே 'நற்கடைப்பிடிப் பயிற்றுநர்'.

ஐயா, இதைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒலிவாங்கியில் யாராவது தடுக்காமல் சொல்லிக் காட்டட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன். கட்டொழுங்கு ஆசிரியருக்கு நடக்கும் வகுப்பு என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அதே உரை அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி நான்கையும் ஆடூஉக் குணம், அதாவது ஆணின் குணம் என்கிறது. வருகிற முப்பது பேரில் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று அக்காவைக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் ஆலோசகர், செவ்வாய் 8.31

இருபத்தாறு.

சுங்கை பட்டாணி, பொறியாளர், செவ்வாய் 12.15

வள்ளுவரை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை, அதாவது மறவாமை. 'உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்.' நினைத்ததை நினைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் போதும் என்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலும் எட்டு மெய்ப்பாடுகளுக்குப் பிறகு வரும் நீண்ட பட்டியலில் பொச்சாப்பு இருக்கிறது. அதே பட்டியலில் நடுவுநிலை, அடக்கம், நினைதல், ஆராய்ச்சி எல்லாம் உண்டு. மைண்ட்ஃபுல்னெஸ் பாடத்திட்டமே அந்த நூற்பாவுக்குள் இருக்கிறது என்பேன்.

கிளைக்கதைக்கு மன்னிக்கவும். நான் இருப்பது கெடா, அதாவது கடாரம். கடாரத்து அரசன்தான் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினான். ஆனைமங்கலம் ஊர் அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது கொடை நிலமாகப் போனது. அந்தக் கப்பல்களில் மிளகும் துணியும் மட்டுமா வந்திருக்கும்? பௌத்தச் சொற்களும் இந்தக் கரையில் இறங்கியிருக்கும். இதைப் பற்றித் தனி இழை தொடங்கலாமா?

கோலாலம்பூர், நாளிதழ்ப் பிழைதிருத்துநர், செவ்வாய் 12.40

தனி இழையில் கட்டாயம் தொடங்குங்கள். இங்கே வேண்டாம். 'பொச்சாவாமை'யைப் படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) மாணவர்கள் முன் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஜோர்ஜ்டவுன், இடைநிலைப்பள்ளி ஆசிரியை, செவ்வாய் 3.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அக்கா, தியானத்தை விட்டது நல்லது. எங்கள் பள்ளியில் 'மூச்சுப் பயிற்சி' என்று சொல்லித்தான் ஆரம்பித்தோம். ஒரு பெற்றோரும் கேள்வி கேட்கவில்லை.

பாடி ஸ்கேனுக்கு யாரோ 'உடல் வருடல்' என்று எழுதியதை ஒரு கட்டுரையில் பார்த்தேன். வருடி என்றால் ஸ்கேனர் என்று கணினித் தமிழில் பழகிவிட்டதால் வந்த வினை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் 'இப்போது உடலை வருடப்போகிறோம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாள் நான் தலைமையாசிரியர் அறையில் நிற்க வேண்டும்.

எங்கள் சீன ஆசிரியை சொன்னது: அவர்கள் இதைச் 'செங் நியென்' என்கிறார்களாம். 'நியென்' எழுத்தில் மேலே 'இப்போது', கீழே 'இதயம்'. பலகையில் எழுதிக் காட்டியபோது பொறாமையாக இருந்தது. நமக்கு அப்படி ஒன்று அமையாதா?

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவ்வாய் 4.50

உடல்வலம். கால் விரலில் தொடங்கி உச்சி வரை வலம் வருவது.

ஜோர்ஜ்டவுன் ஆசிரியை, செவ்வாய் 5.02

வலம் என்றால் கோயில் பிரகாரம், ஐயா. என் வகுப்பில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள். 'உடலுலா' என்றால் சரிவருமா?

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவ்வாய் 5.10

உலா சிற்றிலக்கிய வகை. ஏழு பருவ மகளிர் தலைவனைக் கண்டு மயங்குவது. இருந்தாலும் பரவாயில்லை, ஏற்கிறேன்.

(இந்தக் குழுமத்தில் ஐயா ஒன்றை இருபது நிமிடத்துக்குள் ஏற்றுக்கொண்டது இதுவே முதல் முறை. பதிவில் இருக்கட்டும். – பிழைதிருத்துநர்)

பட்டர்வொர்த் ஆலோசகர், செவ்வாய் இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. உடலுலாவைக் கையேட்டில் போட்டுவிட்டேன்.

மற்றவற்றுக்குப் பின்னணி சொன்னால் உதவும். 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின் ஒரு பயிற்சியாகத் தொடங்கியது இது. மருந்துக்கு மசியாத நாள்பட்ட வலியோடு வந்தவர்களே முதலில் சேர்ந்தார்கள். வேண்டுமென்றே, இந்த நொடியில், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்பது அவர் தரும் விளக்கம். பின்னால் கற்பிப்பவர்கள் பெருகியதும், யார் கற்பிக்கத் தகுதியானவர் என்ற கேள்வி வந்தது. பிரிட்டனில் பாங்கோர், எக்சிட்டர், ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தார் சேர்ந்து ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் ஆறு கூறுகள். வகுப்பின் வேகமும் ஒழுங்கும், மாணவரோடு உறவு, பயிற்சியை வாய்மொழியாக நடத்துதல், குழுவைத் தாங்கிப்பிடித்தல் ஆகிய நான்கையும் தமிழில் சொல்லிவிட்டேன். மீதி இரண்டில்தான் இடறுகிறேன்.

இன்குவைரி என்பது பயிற்சி முடிந்து கண் திறந்தபின் ஆசிரியர் கேட்பது. என்ன தெரிந்தது, உடம்பில் எங்கே, வழக்கமாக இப்படித்தானா என்று. திருத்தவும் கூடாது, ஆறுதல் சொல்லவும் கூடாது. 'விசாரணை' என்று எழுதினேன். போலீஸ் நிலையம் ஞாபகம் வருகிறது.

எம்பாடிமென்ட் என்பது ஆசிரியர் சொல்வது அவர் உடம்பில் தெரிவது. பொறுமை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பவரிடம் பிள்ளைகள் கற்பது கடிகாரம் பார்க்கத்தான்.

சுங்கை பட்டாணி, பொறியாளர், செவ்வாய் 10.05

மதியமே சொன்னேனே! மெய்ப்பாடு. உள்ளத்தில் இருப்பது மெய்யில் படுவது. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. உலகத்தில் வேறு எந்த மொழிக்கு இந்த வசதி?

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதன் காலை 5.40

தம்பி, நீங்கள் சொன்னது நேற்று நண்பகலில், அதுவும் வேறு பொருளில். மெய்ப்பாடு என்பது நகை, அழுகை, வெகுளி போன்றவை தாமாக வெளிப்படுவது. இங்கே வேண்டுவது பயின்று பெற்ற நிலை. மெய்ப்பாடு ஆகாது. 'மெய்ந்நிலை' வேண்டுமானால் பார்க்கலாம்.

இன்குவைரிக்கு 'உசாவல்'. ஒருவரோடு கலந்து கேட்டல். உசாத்துணை என்கிறோமே, அதே உசா. அதட்டலின் சாயல் அதில் இல்லை.

கோலாலம்பூர், நாளிதழ்ப் பிழைதிருத்துநர், புதன் 9.10

உசாவல் எனக்கும் பிடித்திருக்கிறது. புரியாது, ஆனால் தப்பாகப் புரியாது. வாட்ஸ்அப்புக்குப் 'புலனம்' வந்தபோது நானும் சிரித்தேன். இப்போது என் அம்மாவே 'புலனத்துல அனுப்பு' என்கிறார்.

தலைப்புக்கு என் பரிந்துரை ஓர்மை. ஓர்தல் ஆராய்ந்துணர்தல், செவிசாய்த்துக் கேட்டலும்கூட. ஓர் என்றால் ஒன்று. மலையாளத்தில் 'ஓர்ம்ம' நினைவு. யாழ்ப்பாணத்தில் 'ஓர்மம்' மன உறுதி. மூன்று எழுத்து. அட்டையில் பெரிதாக அச்சிடலாம்.

ஜோர்ஜ்டவுன் ஆசிரியை, புதன் 10.25

இடைவேளையில் ஒரு மாணவியிடம் சொல்லிப் பார்த்தேன். 'ஒருமையா டீச்சர்? பன்மை எப்போ?' என்றாள்.

பட்டர்வொர்த் ஆலோசகர், புதன் பகல் 1.15

தலைப்பை விட்டு ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நேற்று இரவு கையேட்டில் உள்ள வழிநடத்தும் பகுதியை வாய்விட்டுப் படித்தேன். 'கண்களை மூடுங்கள். மூச்சைக் கவனியுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். எண்ணங்களின் பின்னால் போகாதீர்கள்.' அடுத்த அறையிலிருந்து என் மகன், 'அம்மா, யாரத் திட்டுறீங்க?' என்றான்.

அவன் சொன்னது சரி. வரிக்கு வரி ஏவல். ஆங்கிலத்தில் கட்டளையைத் தவிர்க்க வினையை ஒரு மாதிரி நீட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. அதைக் 'கவனித்தல், தளர்த்தல்' என்று ஆக்கினால் இலக்கணப் புத்தகம். 'கவனிப்போம்' என்றால் திங்கட்கிழமை சபைகூடல். 'கவனித்துப் பார்க்கலாமே' ஓரளவு சரி, நான்கு தடவைக்கு மேல் சொன்னால் கெஞ்சுவது போல் ஆகிவிடுகிறது.

கடைசியில் கைகொடுத்தது வினையெச்சம். 'மூச்சு உள்ளே வந்து… கொஞ்சம் நின்று… வெளியே போக… அது போவதை அப்படியே பார்த்து…' முற்றைப் போடாமல் விட்டுவிட்டேன். மகன் பதினைந்து நிமிடம் சத்தமே போடவில்லை. தூங்கிவிட்டான் என்பது வேறு.

அட்டையில் இருக்கும் பெயர்ச்சொல்லை ஒரு தடவைதான் படிப்பார்கள். வகுப்பில் ஆசிரியர் பிழைப்பது இந்த வினைகளை வைத்து. கண் மூடியிருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் இல்லை, கை இல்லை, குரல் மட்டும்தான். இதில் யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதன் 2.00

அம்மா, எச்சம் முடிக்குஞ்சொல்லை அவாவி நிற்கும். முற்றுப் பெறாமல் தொங்கவிடுவது வழு. ஆசிரியர் கையேட்டில் வழு வரலாமா?

கோலாலம்பூர், நாளிதழ்ப் பிழைதிருத்துநர், புதன் 2.12

மூன்று புள்ளி வைத்துவிடுங்கள் அக்கா. அச்சில் மூன்று புள்ளி இருந்தால் ஐயா ஒன்றும் சொல்ல மாட்டார்.

சுங்கை பட்டாணி, பொறியாளர், புதன் 4.30

22ஆம் பக்கத்தில் 'உலர்திராட்சைப் பயிற்சி' பார்த்தேன். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாகக் கடிப்பது. நம் ஊரில் இதை யார் உலர்திராட்சை என்கிறார்கள்? கிஸ்மிஸ். மலாய்க்காரருக்கும் கிஸ்மிஸ்தான். தூய தமிழ் வேண்டுமென்றால் கொடிமுந்திரி வற்றல். திராட்சைக்குப் பழைய பெயர் கொடிமுந்திரி, மலையாளி இன்றும் முந்திரி என்றால் திராட்சையைத்தான் நினைப்பான். நாம் முந்திரியைக் கொண்டுபோய்ப் பாயசத்துக் கொட்டைக்குக் கொடுத்துவிட்டோம். இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்றால்

ஜோர்ஜ்டவுன் ஆசிரியை, புதன் 4.41

அண்ணா, மன்னிக்கவும், குறுக்கிடுகிறேன். பினாங்கிலிருந்து வருகிறேன், காய்ந்த ஜாதிக்காய் ஊறல் அரைக் கிலோ வாங்கி வரட்டுமா? புளிப்பும் காரமும் இருப்பதால் பிள்ளைகள் கட்டாயம் கவனிப்பார்கள்.

பட்டர்வொர்த் ஆலோசகர், வியாழன் காலை 11.50

இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் 'முழுக்கவனம்' ஆறு, ஓர்மை நான்கு, நற்கடைப்பிடி ஒன்று. ஆறு பேரில் மூன்று பேர், 'எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் முடித்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தின் 'ஃபுல்' அப்படியே 'முழு'வாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. கவனம் குவிப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதை முதல் பக்கத்தில் நான்கு வரியில் விளக்கிவிட்டேன்.

உசாவல், உடலுலா, மெய்ந்நிலை உள்ளே இருக்கின்றன. கிஸ்மிஸ், கிஸ்மிஸாகவே இருக்கிறது. ஜாதிக்காயும் கொண்டுவாருங்கள், தேநீருக்கு ஆகும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முன்பே வந்து நாற்காலி போட இரண்டு பேர் தேவை.

காஜாங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வியாழன் 12.05

என் பிரதியில் பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.

ஏழரைக்கு வந்துவிடுவேன். வயது எழுபத்தொன்று, அதனால் பிளாஸ்டிக் நாற்காலி என்றால் தூக்குகிறேன், இரும்பு என்றால் யாரையாவது துணைக்கு விடுங்கள். நற்கடைப்பிடி பற்றி மதியச் சாப்பாட்டில் பேசுவோம்.