விருந்தாளியை எப்படித் தடுப்பது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மருமகனின் ஜெர்மன் நண்பர் தங்கியிருக்கிறார். தங்கமான மனுஷர், ரசம் சாதத்தைக் கையாலேயே பிசைந்து சாப்பிடுகிறார். ஆனால் அவர் ஊரில் குளிர்காலத்திலும் காட்டுக்குள் உடையில்லாமல் நடப்பாராம்; பூட்ஸ், குல்லா, கையுறை மட்டும். ஹார்ஸ் மலையில் அதற்கென்றே 18 கிலோமீட்டர் பாதை இருக்கிறது.

எங்கள் தோட்டத்துப் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) அவர் ஊர்க் குளிர்காலம் போல இலை உதிர்த்து நிற்பதைப் பார்த்ததும் இங்கேயும் அப்படி நடக்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. 2015இல் கினபாலு மலையில் ஆடை களைந்த நான்கு வெளிநாட்டவருக்கு 3 நாள் சிறை, தலைக்கு 5,000 ரிங்கிட் அபராதம் என்றேன். "அது மலை, இது தோட்டம்தானே" என்கிறார். பாதையோரம் முனியாண்டி கோயில் வேறு!

மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? கொசு, அட்டை என்று பயமுறுத்தலாமா? நாளை விடியற்காலை கிளம்புகிறாராம், சீக்கிரம் சொல்லுங்கள்.