படுத்தால் ஏறும் புளிப்பு: மேனோமெட்ரி எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

ஊர் குடியாத்தம், வயசு 43. எட்டு மாசமா ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறுது. வாரத்துல நாலு நாள் இருமிக்கிட்டே எழுந்து உட்கார்றேன். பகல்ல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினாலும் அதே கதை. முழுங்குறதுல சிக்கல் இல்லை, எடை தானா குறையலை, ஈசிஜியும் சரி.

வேலூர்ல எண்டோஸ்கோப்பி எடுத்தாச்சு. புண் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல உள்ள வளையத் தசை தளர்ந்திருக்காம். முழுங்கும்போது திறந்து உடனே இறுகணும். சுத்தியிருக்கிற உதரவிதானமும் அதை நெருக்கிப் பிடிக்கணும். எனக்கு அந்தப் பிடி போதலை.

பேன்டோபிரசோல் 40 மி.கி., காலை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, மூணு மாசம் போட்டேன். எரிச்சல் பாதி குறைஞ்சுது, ஏறுறது நிக்கலை. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், தசையை இறுக்காதே! கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல், இடப்பக்கம் படுக்கிறது, 7 மணிக்கே ராத்திரி சாப்பாடு, டீயை விட்டது எல்லாம் பார்த்தாச்சு. ஆம்பூர் பிரியாணியைத் தொட்டு அஞ்சு மாசம், அது தனி சோகம். பக்கத்து வீட்டு அத்தை சொன்ன குளிர்ந்த பால் அரை மணி நேரம் கேட்கும், அப்புறம் பழையபடிதான்.

இப்போ மேனோமெட்ரி எடுக்கச் சொல்றாங்க. மூக்கு வழியா மெல்லிய குழாய் விட்டு, அந்தத் தசையோட அழுத்தத்தை அளப்பாங்களாம்.

எடுத்தவங்க சொல்லுங்க: ரிசல்ட் வந்த பிறகு உங்க சிகிச்சை மாறுச்சா, இல்லை அதே மாத்திரையிலேயே நின்னுதா?