தடி இழுக்கும் பழைய ஜீப்பில் லோ கியர் தானாகக் கழன்று வருகிறது: எங்கே பார்ப்பது?

குலசேகரம் விளை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பழைய மகேந்திரா சிஜே 3பி ஜீப் இருக்கிறது. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், நாலு சக்கர ஓட்டம், முன் பம்பரில் வின்ச் (கம்பியைச் சுற்றிப் பாரம் இழுக்கும் டிரம்). பாட்டா (தாத்தா) கூப்பு வேலைக்காக, அதாவது காட்டில் மரம் வெட்டி இறக்கும் வேலைக்காக, வாங்கிய வண்டி. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமெல்லாம் வெட்டிய மரத்தடி இழுத்திருக்கிறது. அப்பாவும் அதை வைத்துத்தான் எங்கள் நாலு பேரையும் படிக்க வைத்தார். சில வருடங்களாக ஷெட்டில் கிடந்தது. இந்த வருடம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) ரப்பர் மரம் வெட்டி மறுநடவு செய்கிறோம், அதற்காக வண்டியைத் திரும்ப எழுப்பினேன். பிரேக், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் செய்தாயிற்று. எஞ்சின் நன்றாக ஓடுகிறது.

பிரச்சினை இதுதான். லோவில் (பாரம் இழுக்கும் மெதுவான கியரில்) போட்டு, பின்னால் சங்கிலி கட்டித் தடியை மேட்டில் இழுக்கும்போது டிரான்ஸ்பர் கேஸ் (எஞ்சின் பலத்தை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லீவர் 'டக்' என்று கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நேற்று பாதி மேட்டில் அப்படி ஆகி, வண்டி தடியோடு பின்னால் உருண்டது. நல்லவேளை, கீழே யாரும் நிற்கவில்லை. இப்போது மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து லீவரைக் கையால் பிடித்துக்கொள்கிறான். அது சரியில்லை என்று எனக்கே தெரியும்.

இன்னும் சில விவரம்: மழை பெய்து மண் சேறானால் இந்தத் தொல்லை குறைவு. வெயிலில் இறுகின செம்மண்ணில்தான் அதிகம். ஹையில் (சாதாரண ஓட்டத்துக்கான கியரில்) கழலுவதில்லை. ஆயில் மாற்றிப் பத்து நாள் ஆகிறது. உள்ளூர் மெக்கானிக் டிரான்ஸ்பர் கேஸ் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். வெட்டிய ரப்பர் தடியை நாள் கடத்தாமல் மில்லுக்கு அனுப்பாவிட்டால் நீலக் கறை பாய்ந்துவிடும், விலை போகாது. ஆகவே அவசரம். பெட்டியைத் திறக்கும் முன் எதையெல்லாம் பார்க்கலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பின்னால் உயரமாக ஒரு இரும்புச் சட்டம் வைத்து, தடியின் அடிப் பக்கத்தைத் தூக்கி இழுக்கலாமா? வெளிநாட்டில் தடி இழுக்கும் லாக் ஸ்கிட்டர் வண்டிகளின் படங்களில் அப்படி இருக்கிறது.

அருமனை டீசல்:

லீவருக்கு ஒரு டியூப் ரப்பர் கட்டி இழுத்து வையுங்கள், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

தக்கலை பட்டறை:

டியூப் கட்டுகிற வேலையே வேண்டாம் தம்பி. கியர் ஏன் வெளியே தள்ளுகிறது என்று கண்டுபிடிக்காமல் அதை இழுத்துப் பிடித்தால் கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க் சூடேறித் தேயும், அதன்பிறகு பெட்டியை நிஜமாகவே மாற்ற வேண்டி வரும். இந்த வண்டிகளில் முப்பது வருடமாகக் கை வைக்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது டானா 18 வகை டிரான்ஸ்பர் கேஸ். கனமான வார்ப்பிரும்புப் பெட்டி, சும்மா தூக்கிப் போடுகிற சாமான் இல்லை.

லோ போடும்போது உள்ளே ஒரு பல்சக்கரம் ஷாஃப்ட்டில் வழுக்கிப் போய், நடுவில் இருக்கும் இன்டர்மீடியட் கியரின் சின்னப் பல்லோடு சேருகிறது. பல் முழு அகலத்துக்கும் பதிந்தால் கழலாது. பாதி பதிந்தாலோ, பல்லின் முனை சரிவாகத் தேய்ந்திருந்தாலோ, பாரம் ஏறும்போது அந்தச் சரிவே கியரை வெளியே தள்ளும். ஆக, முழுசாகப் பதிய விடாமல் எது தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறக்காமலே பார்க்கக்கூடியவை. கியர்பாக்ஸ் உட்காரும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தால் பாரத்தில் மொத்தப் பெட்டியும் திரும்பும், லீவர் தரைத் தகட்டின் ஓட்டையில் இடிக்கும், அந்த இடியே கியரைக் கழற்றிவிடும். லோ போட்ட நிலையில் லீவருக்கும் தகட்டுக்கும் இடையே விரல் போகிறதா என்று பாருங்கள். அப்புறம், ஹேண்ட்பிரேக் டிரம்மைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்க ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. கையில் ஆட்டம் நன்றாகத் தெரிந்தால் ஷாஃப்ட் பேரிங் தளர்ந்துவிட்டது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.004 அங்குலத்திலிருந்து 0.008 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பின்மூடியில் இருக்கிற ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்து ஆட்டத்தைக் குறைக்கலாம்.

லீவர் ராடுகளைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் முன்பக்க மூடியில் இருக்கின்றன. ஸ்பிரிங் துருப்பிடித்து முறிந்திருந்தால் அதை மாற்றவே செலவு மிகக் குறைவு. அதையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அடியிலுள்ள மூடியைக் கழற்றிப் பல்லைப் பாருங்கள். இன்டர்மீடியட் ஷாஃப்ட் வாங்கப் போகும் முன் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். வருடத்தைப் பொறுத்து 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று தடிமன் உண்டு. பேரைச் சொல்லி வாங்கினால் பாதிப் பேருக்குத் தப்பான சாமான்தான் கிடைக்கும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது. சேற்றில் கழலாமல் காய்ந்த மண்ணில் கழலுகிறது என்றீர்கள். ஹையில் தொல்லையில்லை என்றும் சொன்னீர்கள். பின் ஆக்ஸிலை எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா?

குலசேகரம் விளை:

அண்ணாச்சி, மாற்றியது உண்மைதான். அப்பா காலத்தில் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்ததாம். அப்போது பழைய பட்டாள ஜீப்பிலிருந்து கிடைத்த ஆக்ஸிலை முழுசாகப் போட்டதாகச் சித்தப்பா சொல்கிறார். சரியாகப் பொருந்தியது, ஒரு போல்ட் கூட மாறவில்லை என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தக்கலை பட்டறை:

சம்பந்தம் இருக்கலாம். போர்க்காலப் பட்டாள ஜீப்பில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களில் 39க்கு 8 பல், அதாவது 4.88. சிவில் ஜீப்பில் 43க்கு 8, அதாவது 5.38. இரண்டும் ஒன்று போலத் தெரியும், பொருந்தவும் செய்யும். ஆனால் முன் ஆக்ஸில் 5.38 ஆகவும் பின்னது 4.88 ஆகவும் இருந்தால், முன் சக்கரம் 10 அடி போகும்போது பின் சக்கரம் 11 அடி போகப் பார்க்கும். சேற்றில் அந்த ஒரு அடி வழுக்கித் தீர்ந்துவிடும். இறுகின மண்ணில் வழுக்க இடமில்லாமல் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கும். அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்பர் கேஸின் பல்லில்தான் போய் உட்காரும். ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்த பல் அதைத் தாங்காது.

ஹையில் ஏன் வரவில்லை என்றால், சாலையில் ஹையில் போகும்போது முன் ஆக்ஸிலைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். லோ போடவோ முன் ஆக்ஸிலும் சேர்ந்தே ஆக வேண்டும். இன்டர்லாக் என்ற உள்பூட்டை அப்படி வைத்திருக்கிறார்கள், பின் ஆக்ஸில் மட்டும் லோவின் மொத்தப் பாரத்தையும் வாங்கக் கூடாது என்பதற்காக.

எண்ணிப் பார்ப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கல் வையுங்கள். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரல், முன் ஆக்ஸில் லீவர் விலகிய நிலை. ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், இல்லாவிட்டால் பின் ஷாஃப்ட் சுற்றாது. பின்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். அந்த ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சரியாக 2 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நின்று மற்றது மட்டும் சுற்றினால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் சக்கரம் அதில் பாதிதான் சுற்றும், அதனால்தான் 2 சுற்று. ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். இதே மாதிரி முன்பக்கமும். ஒன்று 5 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவும் மற்றது 5ஐத் தாண்டிக் கால் சுற்றுக்கு மேலேயும் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

அருமனை டீசல்:

டியூப் கட்டச் சொன்னது என் தப்பு, அந்தப் பதிலை எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மார்த்தாண்டம் பழையவண்டி:

இரும்புச் சட்டம் பற்றிய கேள்விக்கு என் பதில். தடியின் அடிப் பக்கத்தைத் தூக்கினால் அது மண்ணைக் கிளறாது, இழுவையும் குறையும், மண் ஒட்டிய தடியை மில்லில் அறுக்கும்போது வாளும் கெடாது. அந்த யோசனையில் தப்பில்லை. ஆனால் ஸ்கிட்டர் வேறு பிறவி. வட அமெரிக்காவில் டிம்பர்ஜாக், ட்ரீ ஃபார்மர் போன்றவை வந்தபோதே வண்டியின் நடு முதுகில் வளையும் ஒரு இணைப்பு வைத்து, அந்த இடத்தில் வளைந்துதான் திரும்பும்படி செய்தார்கள். 1965இல் வந்த ஜான் டீயர் 440ம் அப்படித்தான். நாலு பெரிய டயரும் ஒரே அளவு. எடை பெரும்பாலும் முன்பக்கம், பின்னால் தடி தொங்கினால் சமமாகும்படி கணக்குப் போட்டது. பின் சட்டத்தைத் தாங்க அந்த எடை வேண்டும்.

நம் ஜீப்பின் முன் பின் ஆக்ஸில் இடைவெளி 80 அங்குலம்தான். பின் ஆக்ஸிலின் நடுவைவிட உயரத்தில் சங்கிலி கட்டி மேட்டில் இழுத்தால், தடி எங்காவது வேரில் மாட்டிய நொடியில் முன் சக்கரம் தூக்கும், வண்டி முதுகில் கவிழும். டிராக்டரில் இப்படித்தான் பலர் போயிருக்கிறார்கள். ஜீப்பில் கட்டும் இடம் எப்போதும் ஆக்ஸிலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தடியின் முனையைத் தூக்க வேண்டுமென்றால், பழைய கார் ஆக்ஸிலில் இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்து, தடியின் முன்முனையை அதில் ஏற்றுங்கள். ஜீப் அதை இழுக்கட்டும். தடியின் எடையை அந்தச் சக்கரங்கள் வாங்கும், உங்கள் பின் ஆக்ஸிலும் தப்பும்.

பழைய கூப்பு:

மக்களே, நான் கூப்பில் வின்ச் கம்பியோடு வாழ்ந்தவன். மேடு செங்குத்தாக இருந்தால் வண்டியை ஏன் தடியோடு ஏற்றுகிறீர்கள்? வண்டியை மேலே சமமான இடத்தில் நிறுத்தி, கல் வைத்து, டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸை முதல் கியரில் வைத்து வின்சால் இழுங்கள். அந்த வின்ச் இருப்பதே அதற்குத்தான்.

ஷியர் பின் என்று ஒரு ஊசி இருக்கும், பாரம் கூடினால் அது முதலில் அறுந்துவிட வேண்டும். அடிக்கடி அறுகிறது என்று நிறையப் பேர் அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அறுவது கம்பியாக இருக்கும். அறுந்த கம்பி எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கும் நேரமே கிடைக்காது. உங்கள் வண்டியில் இப்போது என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இழுக்கும்போது கம்பியின் மேல் நனைந்த சாக்கு ஒன்று போடுங்கள், கம்பியின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். டிரம்மில் குறைந்தது மூன்று சுற்றுக் கம்பி எப்போதும் மிச்சம் இருக்கட்டும். தடி கனமாக இருந்தால் கப்பி போட்டு இரட்டைக் கம்பியாக இழுங்கள். வேகம் பாதியாகும், இழுக்கும் பலம் கிட்டத்தட்ட இரட்டிக்கும்.

குலசேகரம் விளை:

இன்று காலை எண்ணினோம். மைத்துனன் சக்கரத்தைச் சுற்ற, நான் கீழே படுத்துப் பார்த்தேன். முன்பக்கம் 5 சுற்றுக்கு மேல் கால் சுற்றையும் தாண்டியது. பின்பக்கம் 5 முழுசாக வரவேயில்லை. இரண்டு முறை எண்ணினோம், அதேதான். முப்பது வருடமாக இந்த இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. கடைசி வருடங்களில் அப்பா 'காய்ந்த தரையில் இவளுக்குக் கோபம் வருது' என்று சொல்வார். காரணம் இதுதான் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.

ஷியர் பின் இடத்தில் நல்ல கெட்டி போல்ட்தான் இருந்தது. கழற்றிவிட்டேன். பின் மவுன்ட் ரப்பரும் பாதி கிழிந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் டிரம்மில் ஆயில் வடிந்து ஷூ நனைந்திருக்கிறது. அன்று வண்டி பின்னால் உருண்டபோது ஹேண்ட்பிரேக் பிடிக்காததும் அதனால்தான் போல.

தக்கலை பட்டறை:

அதேதான். பின் சீலை மாற்றும்போது மேலே இருக்கிற மூச்சுத் துளையையும் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே காற்று அழுத்தி, புது சீலையும் வடியும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் இடையே ஆயில் ஒன்றுக்கொன்று போய்வரும். ஆகவே இரண்டின் மட்டத்தையும் பாருங்கள். ஆயில் ஜிஎல் 4 வகை 90 போதும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை ரிங்குக்கு அதுதான் நல்லது.

பின் ஆக்ஸிலுக்கு: நாகர்கோவிலில் பழைய சாமான் கடைகளில் சிவில் ஜீப் ஆக்ஸில் கிடைக்கும். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மூடியைக் கழற்றச் சொல்லிப் பல்லை எண்ணுங்கள், 43ம் 8ம். எண்ண விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆக்ஸில் வந்ததும் கழற்றிப் போடுகிற அன்று நான் வருகிறேன், பெட்டியின் அடி மூடியையும் அன்றே திறந்து பல்லைப் பார்த்துவிடலாம். டயரையும் அளந்து வையுங்கள், நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

குலசேகரம் விளை:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது கடையில் 43க்கு 8 கிடைத்தது. அண்ணாச்சி சொன்ன மாதிரியே வந்து நின்றார், கூலி வாங்க மாட்டேன் என்றார், அம்மா அவரைச் சாப்பிடாமல் விடவில்லை. இன்டர்மீடியட் கியர் பல்லின் முனையில் கொஞ்சம் தேய்மானம் இருந்தது, ஆனால் பயன்படுத்தலாம் என்றார். ஷிம் ஒன்று எடுத்தோம். மவுன்ட், சீல், ஹேண்ட்பிரேக் ஷூ புதிது. லீவர் ஸ்பிரிங் இரண்டும் மாற்றினோம். ஷாஃப்ட் 1 1/4 அங்குலம் என்று அளந்து குறித்துவைத்திருக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

நேற்று வெயிலில் இறுகிக் கிடந்த அதே மேட்டில், தடி கட்டாமல் முதலில் லோவில் நேராக ஓட்டினேன். இறங்கி லீவரை இழுத்தால் ஒரு விரலில் வந்தது. முன்பு உதைத்தால்தான் வரும். அப்புறம் சின்னத் தடி ஒன்று, பிறகு பெரியது. ஆறு தடவை ஏறினோம், கழலவில்லை. செங்குத்தான பகுதியில் மட்டும் வின்சில் கப்பி போட்டு இழுக்கிறோம். மைத்துனன் இப்போது லீவரைப் பிடிக்க வேண்டியதில்லை. மேலே நின்று சாக்கை நனைத்துப் போடுவது அவன் வேலை.

இரண்டு சக்கர வண்டிக்கு ஆக்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மார்த்தாண்டம் அண்ணே, தடியை உட்கார வைக்கும் படுக்கையை எவ்வளவு அகலத்தில் செய்யலாம்? எங்கள் ரப்பர் தடி கூடினால் ஒன்றரை அடி தடிமன் வரும்.