மட்டக்களப்புக் கல்லடி வீட்டுக் குறூப்: கார் பிளக் கதை

புதன், இரவு 7:52

பிரதீபன் (கொழும்பு): எல்லாருக்கும் ஒரு விசயம். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வாற கிழமை வியாழன் இரவு வாறம், ஞாயிறு பின்னேரம் வெளிக்கிடுறம். புதுக் கார்லதான். பி.வை.டி. அக்கா, போர்ட்டிக்கோவில சார்ஜ் போட ஒரு பிளக் பொயிண்ட் அடிச்சு வைக்க ஏலுமா?

விமலா சின்னம்மா: 🙏🌺

விமலா சின்னம்மா: எத்தின பேர் மனே

பிரதீபன்: நாங்க 4 பேர் சின்னம்மா

சுகந்தி அக்கா: சித்திரைக்கு வந்து ஹோல் பிளக்க எரிச்சிட்டுப் போன ஆள் நீதானே

பிரதீபன்: அது நிரோசாட அண்ணன்ட கார். பிளக்கும் ஏற்கனவே லூஸ்

கஜன்: 20 வருசமா எரியாத பிளக் 😂

சுகந்தி அக்கா: பிரிஜ்ஜும் அதே லைன். விடிய எழும்பிப் பாத்தா பாரை மீன் அவ்வளவும் பழுது

விமலா சின்னம்மா: ஓம்கா, நல்ல பாரைக்குட்டி

சிவம் மாமா: பிரதீபன், ஒண்ட விளங்கிக்கொள். கேத்தல் 3 நிமிசம் ஓடி நிக்கும். அயன் பொக்ஸ் சூடேறினா தானா விட்டு விட்டு எடுக்கும். கார் அப்பிடியில்ல. போட்ட நேரத்தில இருந்து விடியுமட்டும் ஒரே அளவா இழுத்துக்கொண்டு நிக்கும். பிளக்குல 13 ஆம்பியர் எண்டு இரிக்கிறது உண்மைதான், அதுக்காக இரவு முழுக்க 13ல ஓட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல. உள்ளுக்க பித்தளைத் தகடு கொஞ்சம் தளந்திருந்தாக் காணும். தொடுற இடம் சுடும், சுட்டா இன்னும் தளரும், மறுகா பிளாஸ்டிக் உருகும். சித்திரையில நடந்தது அதுதான். நான் கழட்டிப் பாத்தனான், லைவ் ஓட்டை மட்டும்தான் கருகி இருந்த. மற்றது, அந்த லைன் 2005ல சுனாமிக்குப் பிறகு இழுத்த லைன். வயர் புதுசு, சுவருக்குள்ள பைப் பழசு. உப்புத் தண்ணி நிண்ட பைப். அதுல இருந்து காருக்கு ஒரு பொயிண்ட் எடுக்கிற கதையே வேணாம்.

பிரதீபன்: அப்ப என்ன செய்யிற மாமா

கஜன்: 7 கிலோவாட் வோல் பொக்ஸ், சுவர்ல பூட்டுற சார்ஜர், ஒண்டு போட்டா முடிஞ்சுது

துஷி (டொரன்டோ): இஞ்ச நாங்க அடுப்புக்குப் போடுற 240 வோல்ட் பெரிய பிளக்கத்தான் கராஜ்ல போட்டிருக்கம். ஒரு இரவுல ஃபுல்

ரவி அத்தான்: இஞ்ச அடுப்பு கேஸ்

சிவம் மாமா: கஜன், 7 கிலோவாட் எண்டா 32 ஆம்பியர். அந்த வீட்டுக்கு வாற மெயின் 30 ஆம்பியர், சிங்கிள் பேஸ். 230ஆல பெருக்கு. 6.9 கிலோவாட். மோட்டர், பிரிஜ், பேன், கேத்தல் எல்லாத்துக்கும் சேத்து அவ்வளவுதான் வருது. காரையும் போட்டா முழு வீடும் இருட்டு. உனக்கு 7 வேணுமெண்டா திரீ பேஸ் எடுக்கணும். திரீ பேஸுக்கு எழுதிக் குடுக்கிறதெண்டா, மீட்டர் ஆர்ட பேர்ல இரிக்கு?

சுகந்தி அக்கா: அப்பாட பேர்லதான்

சிவம் மாமா: உங்கட அப்பா மோசம் போய் 6 வருசம்!

சுகந்தி அக்கா: பில் வருது, கட்டுறம்

வசந்தி: பேர் மாத்திறதெண்டா உறுதியும் கேப்பாங்களே

சுகந்தி அக்கா: உறுதி என்ட பேர்ல. சீதன வீடு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே

வசந்தி: தெரியும் தெரியும். எனக்குத் தந்த பழுகாமத்து வளவுக்கு இன்னும் பாதை இல்லாததும் எல்லாருக்கும் தெரியும்

வசந்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கஜன்: நான் வாசிச்சிட்டன்

விமலா சின்னம்மா: ஆடி மாசத்தில சண்டை வேணாம் புள்ளைகள்

ரவி அத்தான்: தம்பி கேட்டது ஒரு பிளக்

அம்மா: 🎤 குரல் பதிவு 0:48

சுகந்தி அக்கா: அம்மா சொல்லுறா, வாற கையோட கொழும்புல இருந்து நல்ல சாம்பிராணி வாங்கி வரட்டாம். மற்றது, கரண்ட் பில் ஆர் கட்டுற எண்டு கேக்கிறா

பிரதீபன்: நான் கட்டுறன் அம்மா 🙄

சுகந்தி அக்கா: போன மாதம் 54 யூனிட். லைட் ஒவ்வொண்டா நிப்பாட்டி நிப்பாட்டி வச்சிருக்கா

சிவம் மாமா: உங்கட அம்மா கேக்கிறது சரியான கேள்வி. வீட்டுப் பாவிப்புல 60 யூனிட் தாண்டினா அட்டவணையே வேற. முதல் யூனிட்டில இருந்து விலை மாறும். இவன் 3 இரவு போட்டா எப்பிடியும் 38 யூனிட் கிட்டப் போகும். 54ஓட கூட்டிப் பாருங்க.

கஜன்: இரவு 10:30க்குப் பிறகு கரண்ட் மலிவாமே

சிவம் மாமா: அது டைம் ஒஃப் யூஸ் மீட்டர் எடுத்த ஆக்களுக்கு. சாதா மீட்டருக்கு எத்தின யூனிட் எண்டுதான் தெரியும், எத்தின மணி எண்டு தெரியாது. அப்பிடி இருந்தும் 10:30க்குப் பிறகு போடுறதுதான் நல்லம். 6:30ல இருந்து 10:30 மட்டும் எல்லார்ட வீட்டிலயும் எல்லாம் ஓடுற நேரம்.

கஜன்: சோலார் போடுங்க. பகல்ல சும்மா சார்ஜ்

ரவி அத்தான்: ஒரு சித்திரைக்கு சோலார நிப்பாட்டச் சொன்னாங்களே

துஷி (டொரன்டோ): ஏன்??

கஜன்: அது 2025. லீவுல கரண்ட் எடுக்க ஆளில்ல, வெயில் மட்டும் நல்லா அடிச்ச. கூடிப் போச்சாம்

விமலா சின்னம்மா: குரங்கு பாஞ்சு நாடு முழுக்க கரண்ட் போனதும் அந்த வருசம்தானே

கஜன்: ஓம், பாணந்துறைக் குரங்கு. பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை

விமலா சின்னம்மா: அண்டைக்கு நான் அரைச்ச தோசை மா புளிச்சே போச்சு

பிரதீபன்: மாமா, பிளக்??

சிவம் மாமா: ரவி, போர்ட்ட திறந்து ஒரு படம் அனுப்பு. உள்ள கை வைக்காத.

ரவி அத்தான்: 📷 படம்

ரவி அத்தான்: பல்லி முட்டை ஒண்டு கிடக்கு, அதப் பாக்காதீங்க

இரவு 8:40

சிவம் மாமா: ட்ரிப் சுவிட்ச்சுக்கு மேல இருந்து கீழ நேரா ஒரு சிவப்பு வயர் போகுது. அது என்ன?

ரவி அத்தான்: போன மாரியில நெடுக விழுந்த மாமா. மோட்டர் போட்டா விழும், மழை பெஞ்சா விழும். வயர்மன் வந்து ட்ரிப் சுவிட்ச்ச விட்டிட்டு நேரா குடுத்திட்டுப் போன

சிவம் மாமா: நேரா குடுத்ததா

சிவம் மாமா: போன மாரியில இருந்தா

சிவம் மாமா: ஃபோன எடு

தவறவிட்ட அழைப்பு, 8:43

ரவி அத்தான்: குளிச்சிக்கொண்டு நிக்கன் மாமா, எழுதுங்க

சிவம் மாமா: எழுதுறன், வாசி. அந்தச் சுவிட்ச் விழுறது பழுதாகியில்ல. போற கரண்டும் வாற கரண்டும் சரியா இரிக்கா எண்டு பாக்கிறதுதான் அதுட வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே விழும், ஏனெண்டா அந்தக் குறைஞ்ச கரண்ட் எங்கயோ மண்ணுக்குப் போகுது. இல்லாட்டி ஒரு மனிசன்ட உடம்பால போகுது. மோட்டர் போட்டா விழுந்ததெண்டா மோட்டர்லதான் ஒழுக்கு, அனேகமா உள்ளுக்க வைண்டிங் கம்பிச் சுருள்ல ஈரம். மோட்டரத் திருத்தாம சுவிட்ச்சக் கட்டிப் போட்டிருக்கீங்க. உங்கட அம்மா, என்ட அக்கா, விடியக் காலையில ஈரக் காலோட கிணத்தடியில நிண்டு அந்த மோட்டரப் போடுறவ. 8 மாசமா! கார் வந்தாலும் வராட்டியும் முதல் இதச் செய்யணும்.

சுகந்தி அக்கா: இவர் எனக்கும் சொல்லல்ல

ரவி அத்தான்: சொன்னன். நீ டீவி பாத்த

வசந்தி: அம்மாவ மோட்டர் போட விடாதீங்க இனி

அம்மா: 🎤 குரல் பதிவு 0:12

சுகந்தி அக்கா: வாளியால அள்ளுவாவாம். அந்தக் காலத்தில மோட்டர் இருந்ததா எண்டு கேக்கிறா

பிரதீபன்: அம்மா வாளி வேணாம். மாமா, வயர்மன் ஒருத்தர நாளைக்கே பிடிக்கிறன்

சிவம் மாமா: லைசன்ஸ் உள்ள ஆளாப் பிடி. ஆர் வந்தாலும் எர்த்த அளந்து எழுதித் தரச் சொல்லு. கல்லடி மண் கடற்கரை மணல். ஆடிக் கச்சான் காத்துக்குக் காஞ்சு கிடக்கும், காஞ்ச மணல்ல எர்த் கம்பி அடிச்சிருந்தும் வேலையில்ல. கிணத்தடிப் பக்கம் ஈரம் நிக்கிற இடமாப் பாத்து ஆழமா அடிக்கணும். கிளாம்பு உப்புக் காத்துல பச்சை பிடிச்சிருக்கும், அதயும் மாத்தணும். சில கார் எர்த் சரியில்லாட்டி சார்ஜே எடுக்காது. பிரதீபன், உன்ட கேபிள் நுனியில என்ன பிளக்?

பிரதீபன்: போர்ட்டிக்கோ லைட்டுக்குப் போற வயர்ல எடுக்க ஏலாதா? அது கிட்டவே இருக்கு

சிவம் மாமா: ஏலாது. போர்ட்ல இருந்து தனி லைன். தனி 20 ஆம்பியர் பிரேக்கர், தனி 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். "ஏ டைப்" எண்டு கேட்டு வாங்கு. காருக்குள்ள இரிக்கிற எலக்ட்ரோனிக் ஒழுக்க ஏசி டைப் பிடிக்காம விட்டிடும். வயர் 4 மில்லி, கடைக்காரனுக்கு 7/0.85 எண்டு சொல்லு. நடுவுல ஒரு மூட்டும் இருக்கப்படாது. கேபிள் நுனியில என்ன பிளக் எண்டு கேட்டனான்.

கஜன்: அண்ணா பதில் சொல்லுங்க, மாமா மூண்டாம் தரம் கேட்டா நேர வருவார்

பிரதீபன்: 📷 படம்

பிரதீபன்: சாதா மூணு முள்ளு. பெட்டியில 8, 10 எண்டு மாத்தலாம்

சிவம் மாமா: 8ல வை. அப்ப நல்ல 13 ஆம்பியர் ஒத்தைச் சொக்கட், மூடி உள்ளது, அந்த லைன்ல அது மட்டும். 8 ஆம்பியர்ல 10:30ல இருந்து 5:30 மட்டும் போட்டா 13 யூனிட் கிட்ட ஏறும். ஓட்டத்துக்கு ஒரு 70 கிலோமீட்டர். களுவாஞ்சிக்குடிக்கு வந்து என்னையும் பாத்திட்டுப் போகலாம். 3 இரவு போட்டா கொழும்பு போற வழியில ஒரு இடத்தில மட்டும் பாஸ்ட் சார்ஜ் போட்டாக் காணும். எக்ஸ்டென்ஷன் கோர்ட் கொண்டு வந்தியோ, வெட்டிப் போடுவன்.

விமலா சின்னம்மா: தீர்த்தத்தண்டு அமிர்தகழிக் கோயிலடிக்குக் கார் கொண்டு போக ஏலுமோ மனே. சனத்துக்குள்ள

வசந்தி: ஆட்டோவில போவம் எல்லாரும்

துஷி (டொரன்டோ): அப்ப கார் எதுக்கு 😅

பிரதீபன்: மொத்தம் எவ்வளவு முடியும் அத்தான்?

ரவி அத்தான்: உன்ட பிளக், வயர் உன்ட காசு. மோட்டர், ட்ரிப் சுவிட்ச் எங்கட

சுகந்தி அக்கா: எர்த் கம்பி?

ரவி அத்தான்: அது பாதி பாதி

பிரதீபன்: எர்த் வீட்டுக்குத்தானே அத்தான்

வசந்தி: வீடு ஆர்ட எண்டு மேல இரிக்கு

கஜன்: 🍿

சிவம் மாமா: காசுக் கதையப் பிறகு கதைங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை காலமை நான் வாறன், கூட்டாளிட்ட மெகர், ஒழுக்குப் பாக்கிற மீட்டர், வாங்கி வருவன். அதுவரைக்கும் மோட்டர்ட பிரேக்கர் ஒஃப்லதான் இருக்கணும். போர்ட்ல இருந்து போர்ட்டிக்கோவுக்கு எத்தின மீட்டர்?

ரவி அத்தான்: ஒரு 15 இருக்கும்

சுகந்தி அக்கா: 20

சிவம் மாமா: டேப் வச்சு அளந்து சொல்லு ரவி. சுவரோட, மேல ஏறி இறங்கிறதையும் சேத்து.

விமலா சின்னம்மா: ஞாயிறு மாமா வந்தா மத்தியானச் சாப்பாடு ஆர்ட வீட்ட

சுகந்தி அக்கா: இஞ்சதான். தண்ணிக்கு என்ன செய்யிற எண்டுதான் தெரியா

ரவி அத்தான்: டேப் பக்கத்து வீட்டுக்காரர்ட்ட. நாளைக்கு அளக்கன்